மாமா, நீங்க உக்காருங்க!

மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் பெரியவர்கள் யாருக்கும் பெயர் கிடையாது. எல்ஐசி சார், ஈபி சார், பேங்க் சார், தாலுகா ஆபீஸ் சார் என்று பழைய உத்தியோகம்தான் பெயர். பென்ஷன் வாங்க ஆரம்பித்துப் பல வருடம் ஆனவர்கூட பூங்கா கேட்டைத் தாண்டியதும் மறுபடி பதவியேற்றுக்கொள்வார். பேச்சு சர்க்கரையில் தொடங்கி, முழங்காலில் கொஞ்சம் நின்று, புராஸ்டேட்டில் முடியும். இத்தனை வலிகளும் சுற்றிச் சுற்றி வருகிற பூங்கா யார் பேரில் இருக்கிறது தெரியுமா? 1893-ல் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலுவின் பேரில்தான். இதைவிடப் பொருத்தமாக ஒரு பூங்காவுக்குப் பேர் வைக்க முடியாது.

நம்முடைய நாயகர் ஈபி சார். வயது 72. அவர் ரிட்டையர் ஆன காலத்தில் அரசு வேலையில் முதுமை 58-ல் ஆரம்பித்தது. தமிழக அரசு ஓய்வு வயதை 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தியது. எந்த லேகியமும் செய்யாததை ஓர் அரசாணை செய்துவிட்டதே, அது கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்பது அவருக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

அமெரிக்காவில் இருக்கும் பெரிய மகன் அனுப்பிய வாட்ச் ஒன்று அவர் மணிக்கட்டில் இருக்கிறது. அது மணி காட்டுவதை அவர் பார்ப்பதே இல்லை. காலடி எண்ணுவதைத்தான் பார்ப்பார். தினம் பத்தாயிரம் அடி. இரவு படுக்கப் போகும்போது 9,640 என்று காட்டினால் தூக்கம் வராது. எழுந்து ஹாலுக்கும் பால்கனிக்கும் நடையாக நடப்பார். சீரியல் பார்க்கும் குடும்பத்துக்கு வில்லனின் முகம் பாதி, ஈபி சாரின் முதுகு பாதி தெரியும்.

இந்தப் பத்தாயிரத்தை எந்த டாக்டரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-ல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று காலடி எண்ணும் கருவியை விற்பதற்காகப் பிடித்துக்கொண்ட எண் அது. சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. தினம் 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவு. ஏறக்குறைய 7,500-க்கு மேல் நடந்தாலும் கூடுதல் பலன் தெரியவில்லை. பேங்க் சார் இதைச் சொன்னபோது ஈபி சாரின் முகம் வாடிவிட்டது. இத்தனை வருடமாகத் தினம் 2,500 அடி வீதம் கூடுதலாகக் கட்டியதை யாரிடம் போய் ரீஃபண்ட் கேட்பது?

இவ்வளவு நடக்கிற மனிதர் வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறார் என்பதுதான் வேடிக்கை. தண்ணீர் கேன்காரர் வாசலில் கேனை வைத்துவிட்டுப் போகிறார். ஈபி சார் குனிகிறார். “அப்பா, விடுங்க, நான் தூக்கறேன்” என்று உள்ளே இருந்து சின்ன மகனின் குரல். காய்கறிப் பையை எடுக்கப் போகிறார். “மாமா, நீங்க உக்காருங்க, நான் வாங்கிட்டு வரேன்” என்கிறாள் மருமகள். கொடியில் துணி உலர்த்தலாம் என்றால் பேரன் ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறான். பெரியவர்களுக்குச் சிரமம் தரக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நல்ல பிள்ளைகள். அந்த மரியாதையில் அவருக்கு மிஞ்சியது சோபாவும் ரிமோட்டும்தான்.

உடம்பு உழைப்பது இதயத்துக்கு நல்லது என்பதை முதன்முதலில் கணக்கோடு நிரூபித்தவர்கள் ஜிம்முக்குப் போனவர்கள் அல்ல, பஸ் கண்டக்டர்கள். லண்டன் மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுவார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்கப் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைவு என்று 1953-ல் எழுதினார். அதோடு விடவில்லை. சீருடை தைத்த அளவுகளைத் தேடிப் பிடித்து, டிரைவர்களின் கால்சட்டை இடுப்புச் சுற்று பெரிது என்பதையும் 1956-ல் அச்சிலேற்றிவிட்டார். மனிதர் தானும் தேகப்பயிற்சியை விடாமல் 99 வயது வரை இருந்தார். ஆனால் ஈபி சார் வீட்டில் மோரிஸ் இருந்திருந்தால் அவரையும் உட்கார வைத்திருப்பார்கள்.

நடை நல்லதுதான். ஆனால் வயதான காலத்தில் முதலில் கழன்றுகொள்வது தசை பலமும் சமநிலையும். அதனால்தான் 65 தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தசைக்கு வயது ஒரு தடையா என்பதற்கு 1990-ல் பாஸ்டனிலிருந்து பதில் வந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரைப் பிடித்து, காலால் எடை தூக்க வைத்தார்கள். எட்டு வாரம் முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைத் தூக்கி வைத்துவிட்டார்கள். பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் உண்மை.

சமநிலை விஷயம் பூங்காவுக்குள் வந்தது வாட்ஸ்அப் வழியாக. 51 முதல் 75 வயது வரை உள்ளவர்களில், ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடியாதவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று 2022-ல் வெளியான பிரேசில் ஆய்வு. மறுநாள் காலை லஸ்ஸில் பார்க்க வேண்டுமே! பெஞ்சுக்கு ஒருவர், வேலிக்கு ஒருவர் என்று கொக்குக் கூட்டம். தாலுகா ஆபீஸ் சார் வேப்பமரத்தைத் தொட்டுக்கொண்டே பத்து எண்ணி முடித்தார். மரத்தைத் தொட்டது செல்லாது என்று ஆட்சேபணை எழுந்தது. “நான் தொடலை சார், அதுதான் என்மேல சாய்ஞ்சிருக்கு” என்றார்.

ஈபி சார் நாலாவது விநாடியில் பேங்க் சாரின் தோளைப் பிடித்தார். காரணத்தை அன்று மாலையே கண்டுபிடித்தும் விட்டார். வேலைக்குப் போன காலத்தில் நின்றபடி பேண்ட் போடுவார். தினம் காலையில் ஒவ்வொரு காலிலும் சில விநாடி நிற்கிற பயிற்சி தானாக நடந்தது. ரிட்டையர் ஆனதும் வேட்டிக்கு மாறினார், அது நின்றுபோனது. அதேபோல் தரையில் சாப்பாடு போய் மேஜை வந்தது, இந்தியன் டாய்லெட் போய் வெஸ்டர்ன் வந்தது, கல்யாணப் பந்தியில்கூடப் பாய் போய் நாற்காலி வந்தது. உட்கார்ந்து எழும் வேலை எல்லாவற்றையும் காசு கொடுத்து ஒழித்துவிட்டு, அதையே திரும்பச் செய்ய பிசியோதெரபிஸ்டுக்கு மறுபடி காசு கொடுக்கிறோம்.

இப்படி எதையும் விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் கோவைப் பக்கத்தில் இருந்தார்கள். யோகா ஆசிரியை நானம்மாள் சேலை கட்டியபடியே ஆசனம் போட்டுக் காட்டுவார். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார், 2019-ல் 99 வயதில் மறைந்தார். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் இயற்கை விவசாயம் செய்த பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். 2021-ல் அவருக்கும் பத்மஸ்ரீ. இருவரிடமும் காலடி எண்ணுகிற வாட்ச் இருந்ததாகத் தெரியவில்லை.

அத்தனை தூரம் போக வேண்டியதும் இல்லை. ஈபி சார் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். அவர் மனைவிக்கு வயது 68. யாரும் அவருக்கு ஓய்வு ஆணை கொடுக்கவில்லை. காலையில் குனிந்து கோலம் போடுகிறார். அரிவாள்மணை முன்னால் தரையில் உட்காருகிறார். ஒரு கையைக்கூட ஊன்றாமல் எழுகிறார். ராத்திரி முழங்காலில் தைலம் தேய்ப்பது வாஸ்தவம்தான். ஆனால் கூடத்தின் நடுவே நிற்க வைத்து ஒற்றைக் கால் பரீட்சை வைத்தபோது, பத்து விநாடியைத் தாண்டி நின்றதோடு, கொழுந்துவிட்டு எரிந்த அடுப்பை சிம்மில் வைக்கும்படி மருமகளுக்கு உத்தரவும் போட்டார்.

ஈபி சார் வீட்டுக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். விழுந்துவிடுவார் என்று மகன் பயந்தான். நியாயமான பயம்தான், இந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் லேசில் எழ முடியாது. ஆகவே ஸ்டூல்மேல் ஏறி ஃபேன் துடைப்பது கிடையாது என்று ஒப்புக்கொண்டார். காய்கறிப் பை, துணி உலர்த்துவது, மாடிப்படி மூன்றும் கிடைத்தன. தண்ணீர் கேனில் பாதி கிடைத்தது. அதாவது குடம் குடமாக ஊற்றிக் கொண்டுபோகலாம். உற்சாகத்தில், கோலத்தையும் தானே போடுவதாக அறிவித்தார்.

“ஏங்க, எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா, நான் எக்சர்சைஸுக்கு எங்க போறது?” என்றார் மனைவி. “கோலப்பொடி டப்பாவை வெச்சிட்டு, வெட் கிரைண்டர் கல்லை எடுத்துக் கழுவுங்க. இத்தனை வருஷமா அதை யாராவது கேப்பாங்கன்னுதான் பாத்துட்டிருக்கேன்.”