நாலரை கிகாஹெர்ட்ஸ் மாப்பிள்ளை

போடிநாயக்கனூரில் இவரைக் கண்டுபிடிப்பது எளிது. சித்திரை வெயிலில் ஊரே நிழல் தேடி அலையும்போது, ஒருவர் மட்டும் டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் வியர்த்து வழிந்துகொண்டிருப்பார். கேபினட்டின் பக்கத் தகடு கழற்றிய இடத்திலேயே கிடக்கும். பெயர் எதற்கு, இந்த ரகத்தில் ஊருக்கு நாலு பேர் உண்டு. மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

"எப்படி இருக்கீங்க மாப்ள?" என்று கேட்டுப் பாருங்கள். "சும்மா இருக்கப்ப 42, லோடு குடுத்தா 88" என்பார். உங்களுக்குக் காய்ச்சல், 102 டிகிரி என்றால், "பாரன்ஹீட்டா? செல்சியஸ்ல 39 கூட வராதுண்ணே. நூறு வரைக்கும் தாங்கும்" என்று தைரியம் சொல்வார்.

அவரிடம் இருப்பது 2011-இல் வந்த இன்டெல் ஐ5 2500கே பிராசஸர். கடைசியில் இருக்கும் அந்த 'கே'யை நம்பித்தான் காசைக் கொட்டினார். வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியைப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். 33 என்று இருந்ததை பயாஸுக்குள் போய் 45 என்று மாற்றினால், 3.3 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 4.5-இல் ஓடும். ஆனால் சும்மா ஓடாது. நடுவழியில் நீலத்திரை காட்டிப் படுத்துக்கொள்ளும். எழுப்ப வோல்டேஜைக் கூட்ட வேண்டும். கூட்டினால் சூடு ஏறும், அதுவும் வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். 1.2 வோல்ட்டை 1.4 ஆக்கி 4.5-க்குப் போனால், வேகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே கூடுகிறது. சூடு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. இந்தக் கணக்கை அவர் டீக்கடையில் சர்க்கரை டப்பா மூடியில் விரலால் எழுதிக் காட்டுவார்.

அந்த வேகத்தை வைத்து என்ன செய்கிறார் என்றுதானே கேட்கிறீர்கள்? அவர் வீட்டம்மாவும் அதைத்தான் கேட்கிறார். மாமனாரின் ஏலக்காய் வரவு செலவை எக்செல்லில் போடுகிறார். மீதி நேரமெல்லாம் பிரைம்95 ஓடுகிறது. 1996 முதல் உலகெங்கும் கணக்குப் பைத்தியங்கள் பிரம்மாண்டமான பகா எண்களைத் தேட ஓட்டும் மென்பொருள் அது. மாப்பிள்ளைக்குப் பகா எண் ஒன்றும் வேண்டாம். பிராசஸரை முழுமூச்சாக வதைக்க அதைவிட நல்ல ஆயுதம் இல்லை, அவ்வளவுதான். ராத்திரி முழுக்க வதைபட்டும் படுக்காமல் இருந்தால், காலையில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மச்சானுக்கு அனுப்புவார். மச்சான் கட்டைவிரலைக் காட்டுவார்.

ஊரும் அவருக்கு ஒத்துழைப்பதில்லை. போடி என்றால் ஏலக்காயோடு இலவம் பஞ்சும்தான். பஞ்சுக் காலத்தில் திறந்து கிடக்கும் கேபினட்டுக்குள் அது நேராகப் போய் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே மெத்தை தைத்துவிடும். 88 காட்டியது 97 காட்டும். மாப்பிள்ளை பழைய டூத் பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிடுவார்.

காற்றாடி எத்தனை வேகமாகச் சுற்றினாலும், சுற்றியிருக்கும் காற்றின் சூட்டுக்குக் கீழே எதையும் குளிரவைக்காது. இதைப் படித்த அன்றே அவருக்கு மலை நினைவு வந்தது. கிலோமீட்டர் ஏற ஏற ஆறேழு டிகிரி குறையும். போடிமெட்டு ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. விடிகாலையில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில், மடியில் கேபினட்டோடு பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தார். "டிவியா தம்பி?" என்று கேட்ட அக்காவுக்கு அவர் சொன்ன பதில் மூன்று வளைவு நீண்டது. மேலே நூறு மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகவே கிடைத்தது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

2022 டிசம்பரில் திரவ ஹீலியத்தை ஊற்றி ஐ9 13900கே-யை 9 கிகாஹெர்ட்ஸ் தாண்ட வைத்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம், பிறந்தநாள் பலூன்காரரிடம் அவர் விலை விசாரித்ததாகக் கேள்வி.

எல்லா சிப்பும் ஒரே மாதிரி போகாது. ஒன்று 4.8 வரை போகும், ஒன்று 4.3-லேயே மூச்சு வாங்கும். 'சிலிக்கான் லாட்டரி' என்பார்கள். தமிழ்நாட்டில் 2003-இலேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. சீட்டு வேண்டுமென்றால் போடிக்காரர்கள் மெட்டு ஏறி கேரளத்துக்குப் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு அந்த அலைச்சல் இல்லை, பார்சலிலேயே வந்துவிடுகிறது.

உண்மையில் சூட்டைக் கட்டி ஆளத் தெரிந்தவர் ஒருவர் அவர் குடும்பத்திலேயே சம்பளம் வாங்குகிறார். மாமனாரின் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் பெரியவர். ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ மிஞ்சும் வேலை அது. ஒரு பகல், ஒரு ராத்திரி அனல் சீராக நிற்க வேண்டும். மாப்பிள்ளை ஒருநாள் அவருக்கே பாடம் எடுக்கப் போனார்.

"எத்தன டிகிரில வைப்பீங்க?"

"அம்பதச் சுத்தி மாப்ள. மேல போனா பச்சை வெளுத்துரும், வெலையும் விழுந்துரும்."

"சூட்டக் கூட்டுனா சீக்கிரம் முடியும்ல?"

"முடியும். மொதலாளி நம்ம கணக்கையும் முடிச்சிருவாரு."

மாப்பிள்ளை தன் 88-ஐப் பெருமையாகச் சொன்னார். பெரியவர் அசந்துபோய்க் கேட்டார்: "எம்பத்தெட்டா! அதுக்குள்ள என்னத்தக் காயவைக்கிறீங்க?"

அதற்குப் பிறகு ஒரு வாரம் பிரைம்95 ஓடவில்லை. பிறகு 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்களே அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கித் தடுமாறின. கம்பெனி மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. மாப்பிள்ளை தெருவெல்லாம் சொல்லிவந்தார்: "கம்பெனிக்காரனே நம்ம வழிக்கு வந்துட்டான்!"

இப்போது அவர் புதிது வாங்க, பழைய 2500கே-யை விற்கப் பார்க்கிறார். "எக்செல் மட்டுந்தான்ணே ஓட்டுனது" என்று சத்தியம் செய்வார். எத்தனை வோல்ட்டில் ஓட்டினார் என்று கேளுங்கள். அதிக வோல்டேஜில் நாள்பட உழைத்த சிப் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே வரும். 1.4 என்றால் பாதி விலைக்குக் கேளுங்கள். பதிலே வராவிட்டால், அடுத்த தேனி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.