பொத்தானை அமுக்குகிறவர் பாடு

மின்னணு இசைக்காரரைப் பற்றி உலகத்துக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு: பொத்தானை அமுக்குவது அவர் வேலை, மிச்சத்தை லேப்டாப் பார்த்துக்கொள்ளும், சம்பளம் மட்டும் அவருக்கு. நாதஸ்வரக்காரரின் கன்னம் புடைக்கிறது, தவில்காரரின் தோள் வேர்த்து வழிகிறது. ஆகவே அவர்கள் உழைப்பாளிகள். இவரோ ஒரு மேஜைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்க்கிறார். கச்சேரி செய்கிறாரா, கரண்ட் பில் கட்டுகிறாரா என்று பத்தடி தூரத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இந்த அபிப்பிராயம் தப்பு என்பது என் கட்சி. எந்திரம் உழைப்பை ஒழிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு மாற்றல் கொடுத்து அனுப்பிவிட்டது, அவ்வளவுதான். விரலில் இருந்த வேலை தீர்மானத்துக்குப் போயிற்று. மேடையில் இருந்த வேலை பூட்டிய அறைக்குள் போயிற்று. இந்தத் துறைக்காரர்கள் படும் அன்றாட அவஸ்தை அத்தனையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

பழைய கணக்கிலிருந்தே தொடங்கலாம். மின்சாரத்தால் இசை செய்யப் புறப்பட்ட முன்னோடிகளில் தாடியஸ் கஹில் என்ற அமெரிக்கர் ஒருவர். அவர் செய்த டெல்ஹார்மோனியத்தின் எடை சுமார் 200 டன். 1906-இல் நியூயார்க்குக்கு வந்து இறங்கியது. ஒலிபெருக்கி இன்னும் வராத காலம் என்பதால் இசை தொலைபேசிக் கம்பி வழியாகச் சந்தாதாரர்களுக்குப் போயிற்று. போகிற வழியில், சந்தா கட்டாமல் சொந்த வேலையாகப் பேசிக்கொண்டிருந்தவர்களின் இணைப்பிலும் புகுந்தது. முக்கியமான வியாபாரப் பேச்சுக்கு நடுவே யாரும் கேட்காத பின்னணி இசை வந்தால் மனிதர்கள் ரசிப்பார்களா? புகார்தான் கொடுத்தார்கள். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரிய பாஸ் ஸ்பீக்கர் வாங்கி வைத்து, கீழ்வீட்டு மாமா கதவைத் தட்டுவாரோ என்று பயந்து ஹெட்போனிலேயே காலம் தள்ளுகிறவர் இந்தப் பரம்பரையின் வாரிசு.

பொத்தானை அமுக்கினால் போதும் என்பவர்கள், பொத்தானே இல்லாத காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1963-இல் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு ரான் கிரைனர் மெட்டு எழுதிக் கொடுத்தார். அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷயர். அவரிடம் சிந்தசைசர் கிடையாது. ஒரு கம்பியை மீட்டிய சத்தம், ஆய்வுக்கூட ஆசிலேட்டர் போட்ட சத்தம், இவற்றை டேப்பில் பதிந்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு ஸ்வரமாக உண்டாக்கினார். பிறகு டேப்பை நீளம் அளந்து பிளேடால் நறுக்கி ஒட்டினார். பல டிராக்குகளை ஒன்றாகப் பதியும் கருவியும் இல்லாததால், தனித்தனி டேப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் தாளம் பிசகியதும், டேப்புகளை நீளமான நடைகூடத்தில் பக்கம் பக்கமாக விரித்து, எந்த ஒட்டில் தப்பு நேர்ந்தது என்று தேடினார்கள். இத்தனைக்கும் பிறகு திரையில் அவர் பெயர் வரவில்லை. கிரைனர் பங்கு கொடுக்கத் தயாராக இருந்தார். நிறுவன விதி இடம் தரவில்லை. டெர்பிஷயர் 2001-இல் காலமானார். திரையில் அவர் பெயர் வந்தது 2013-இல்.

ஐந்து வருடம் தள்ளி, 1968-இல், வெண்டி கார்லோஸ் மேற்கத்திய செவ்வியல் இசைமேதை பாஹின் படைப்புகளை மோக் சிந்தசைசரில் வாசித்து ‘ஸ்விட்ச்டு ஆன் பாஹ்’ வெளியிட்டார். மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. கேட்டவர்களில் பலர் இதைக் கம்ப்யூட்டர் தானாகவே வாசித்தது என்று நினைத்துக்கொண்டார்கள். அங்கே கம்ப்யூட்டரே இல்லை. அந்தக் கருவி ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். பாஹோ ஒரே நேரத்தில் நான்கு குரல்கள் பேசுகிறவர். ஒவ்வொரு வரியாக வாசித்து அடுக்க வேண்டும். நடுவில் அறை கொஞ்சம் சூடானால் சுருதி நழுவும். மறுபடி சேர்த்துவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும். பாராட்டு எந்திரத்துக்கும் வேலை மனுஷிக்கும் என்று பங்கு பிரிந்தது அப்போதே நடந்துவிட்டது.

இதெல்லாம் தாத்தா காலத்துக் கதை, இப்போதுதான் எல்லாம் ஒரு லேப்டாப்பில் அடங்கிவிட்டதே என்று கேட்கலாம். அடங்கிவிட்டது, வினையே அதுதான். நாதஸ்வரத்தில் மூச்சு முடிகிறது. வீணையில் 24 மெட்டு. பழைய கருவிகள் எல்லாம் ஏதாவது ஓரிடத்தில் ‘இதற்கு மேல் என்னால் ஆகாது’ என்று சொல்லிவிடும். வாசிப்பவர் அந்த எல்லைக்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். லேப்டாப் அப்படிச் சொல்வதே இல்லை. ‘கிக் டிரம் வேண்டுமா? இதோ நாலாயிரம்.’ முதலாவது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாலாயிரத்தில் முதலாவதை எடுத்தவன் கலைஞனா? முந்நூறாவதைக் கேட்கும்போது பன்னிரண்டாவது தேவலை போலிருந்தது, ஆனால் அது எது என்று மறந்து போயிருக்கும். சாயங்காலம் போய்விடும். எட்டு பார் நீளத்துக்கு ஒரு லூப் தயாராகும். அது அருமையாக இருக்கும். அருமையாக இருப்பதாலேயே ஒன்பதாவது பாருக்கு நகர மனம் வராது. தப்பித் தவறி முடிந்தாலும் ஃபைலின் பெயரில் முடிவு தெரியாது: ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘நிஜ ஃபைனல்’, ‘நிஜ ஃபைனல் பாஸ் குறைத்தது’. எதையும் திரும்ப மாற்றலாம் என்றால் எதுவும் முடியாது என்றுதான் அர்த்தம்.

தீர்மானம் எடுக்க உதவ வேண்டிய காதும் கட்சி மாறும். மனிதக் காது சத்தம் குறைவாக இருக்கும்போது பாஸையும் கீச்சென்ற மேல் ஒலிகளையும் மட்டமாகவும், சத்தம் கூடும்போது அவற்றைத் தாராளமாகவும் கேட்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஆகவே ராத்திரி வால்யூமை ஏற்ற ஏற்ற டிராக் மெருகேறிக்கொண்டே போகும். ஒரு மணிக்கு அது உலகத்தரம். காலையில் பக்கத்தில் ஆள் தூங்குகிறார் என்று மெதுவாகப் போட்டுக் கேட்டால் பாஸைக் காணோம், சாரமே இல்லை. சரி செய்து நண்பருக்கு அனுப்பினால், அவர் மொபைல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, ‘பாஸ் எங்கே?’ என்பார். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அடி ஒலி வராது என்று அவருக்கு விளக்குவதில் நட்புதான் குறையும். அகலமாகக் கேட்கட்டும் என்று இடது வலமாக விரித்து வைத்த ஒலியோ, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி மோனோவில் விடும் மைக்செட்டில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாதி காணாமல் போகும்.

மேடைக்குப் போனால் இன்னொரு கணக்கு. லேப்டாப் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்புகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் ஒரு துண்டுக்கு 1,024 என்று வைத்தால், கட்டையை அமுக்கி 23 மில்லிநொடி கழித்துத்தான் சத்தம் வரும். அந்த நேரத்தில் காற்றில் ஒலி எட்டு மீட்டர் போய்விடும். அதாவது கட்டை கையடியில் இருக்க, ஒலி எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் வேறு யாரோ வாசிப்பதாகக் கேட்கும். துண்டை 128-ஆகக் குறைத்தால் தாமதம் 3 மில்லிநொடிக்கும் கீழே போகும். ஆனால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கி ஸ்பீக்கர் படபடவென்று வெடிக்கும். தாமதமா வெடியா என்று தேர்ந்தெடுப்பதற்குள் சவுண்ட் செக்கில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்கும்: எர்த் இணைப்புகளுக்குள் தகராறு. சார்ஜரைப் பிடுங்கினால் உறுமல் நிற்கும். பேட்டரி 22 சதவீதம் என்று திரை சொல்லும். அந்த நிமிஷம் பார்த்து, புதுப்பித்துக்கொள்ளலாமா என்று லேப்டாப் பணிவோடு கேட்கும்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். ‘அவஸ்தை சரி, ஆனால் மேடையில் நடப்பது வாசிப்பா? முன்பே பதிந்ததை ஓட்டுவதுதானே?’ டெட்மவுஸ் என்ற கனடா நாட்டு டிஜே 2012-இல், தன்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் ப்ளே பொத்தானைத்தான் அமுக்குகிறோம் என்று பகிரங்கமாகவே எழுதினார். பெரிய எலித் தலை மாட்டிக்கொண்டு மேடையேறுகிறவர் முகத்தை மறைக்காமல் பேசியது அபூர்வம்தான். அதற்கு முன்பே, 1978-இல், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் தங்களுக்குப் பதில் பொம்மைகளை நிறுத்தி, ரசிகரின் சந்தேகத்தையே நிகழ்ச்சியாக்கியது. வெறுமனே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவரைப் பார்த்து, ‘இதை இப்போது என் கண் முன்னால் கொதிக்க வைக்கவில்லையே’ என்று யாரும் இலையை மூடுவதில்லை. சமையல் விடிகாலையில் முடிந்தது; பரிமாறுவதும் ஒரு வேலை. எதை, எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தவிர, சபாவில் பாட்டுக்கு ஆதாரமான சுருதியையே இன்று பல கச்சேரிகளில் மின்னணுப் பெட்டியோ மொபைலோ கொடுக்கிறது. அதன் பொத்தானை அமுக்கியவரை யாரும் குறை சொன்னதில்லை.

உண்மையான சங்கடம் வேறு. மிருதங்கத்தில் கை விழுவதும் சத்தம் எழுவதும் ஒன்றாகத் தெரிகிறது. லேப்டாப்காரர் ஒரு குமிழைத் திருகினால் ஒலி முப்பது நொடிக்குள் மெல்ல மெல்லத் தெளிகிறது. எது எதனால் என்று பார்ப்பவருக்குப் புரிவதில்லை. எனவே அவர் நடிக்கத் தொடங்குகிறார். ஒற்றைக் குமிழை, மலையைப் புரட்டுகிற முகபாவத்தோடு திருகுகிறார்; நிஜமாகவே நாலு விஷயத்தைச் சேர்த்துக் கவனிக்கும் நேரத்தில் மட்டும் சிலை மாதிரி நிற்கிறார். கைதட்டல் முன்னதற்குத்தான்.

கடைசி ஆட்சேபம்: ‘என்ன சொன்னாலும் திறமை எந்திரத்துடையது.’ இதற்குச் சாட்சி ரோலண்ட் டிபி-303. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணையாக பாஸ் வாசிக்கட்டும் என்று 1981-இல் வந்த சின்னப் பெட்டி. பாஸ் கிட்டார் போலவே ஒலிக்கவில்லை. 1984-இல் உற்பத்தி நின்றது. பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இலேயே அதை வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு வாசித்து ஓர் ஆல்பம் போட்டார்; யாரும் சட்டை செய்யவில்லை. 1987-இல் சிகாகோவில் ஃப்யூச்சர் குழு அதே பெட்டியின் குமிழ்களை இஷ்டத்துக்குத் திருகி வைத்த ‘ஆசிட் டிராக்ஸ்’ ஒரு புது இசை வகையையே கிளப்பியது. சிங்கின் ஆல்பம் 2010-இல் மறுபதிப்பான பிறகு, எழுபது வயதைத் தாண்டி அவர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். எந்திரம் எல்லோருக்கும் ஒன்றுதான். கடையில் தூங்கிக்கொண்டும் இருந்தது. மறுபக்கம், 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இல் புது ஒலி அமைப்பது பெரும்பாடு என்பதால் பலர் கம்பெனி போட்டுக் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். எண்பதுகளின் காதல் பாட்டுகளில் ஒரே எலெக்ட்ரிக் பியானோ திரும்பத் திரும்பக் கேட்பதற்கு அதுதான் காரணம். தீர்மானத்தை எந்திரத்திடம் விட்டால் எல்லோர் பாட்டும் ஒரே பாட்டு ஆகும்.

இப்போது ஒரு வாக்கியம் தட்டினால் செயற்கை நுண்ணறிவு முழுப் பாட்டே தருகிறது, இனி இந்தப் பாடு தீர்ந்தது என்கிறார்கள். தீராது. நாலாயிரம் கிக் டிரம்முக்குப் பதில் நாலாயிரம் முழுப் பாட்டு வரும். எது நல்லது என்று யாராவது உட்கார்ந்து கேட்டாக வேண்டும். ‘முடியாது’ என்று சொல்லாத கருவிக்கு மருந்து, அந்த ‘முடியாது’வை நாமே கொண்டுபோய் வைப்பதுதான்: நாலே டிராக், ஒரே சிந்தசைசர், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு. அடிமாட்டு விலைக்குக் கிடைத்த ஒரு பழைய பெட்டியோடு சிகாகோக்காரர்கள் பிழைத்தது அப்படித்தான். இந்த யோசனைக்குக் காசு செலவில்லை என்பதுதான் இதன் ஒரே குறை. ஆகவே துறைக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள். வேண்டுமென்றே வசதிகளைக் குறைத்து விற்கும் மென்பொருள் ஒன்றை, வசதிகளுக்குக் கொடுத்ததைவிட அதிக விலை கொடுத்து வாங்கி, அதில் எந்த வசதியைக் குறைக்கலாம் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசிப்பார்கள்.