டுவீட்டரைச் சீக்கிரம் எரிக்கணுமா, மருமவனே?

காரு நல்லாருக்கு மருமவனே. டிக்கியில ரெண்டு மூடை நெல்லு ஏத்திக்கிடலாம்னு நெனச்சேன். நீ பெரிய பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் வச்சு அடச்சிட்ட. போவுது, நெல்லா முக்கியம்?

'ஆக்டிவ்' பண்ணிட்டியாமே! அப்ப டுவீட்டர்கூட வந்த சின்ன டப்பாவைத் தூர எறிஞ்சிருப்ப. பாவம், காயிலும் கெப்பாசிட்டரும் வச்சு, ஆம்ப்ளிஃபயருக்குப் பொறவு சத்தத்தைப் பிரிச்சுக் குடுத்துக்கிட்டு கெடந்துது. இனிமே குத்தாலத்து ஐந்தருவி கததான். மேலயே பிரிஞ்சு தனித்தனியா விழணும். டி.எஸ்.பி.ங்குத டிஜிட்டல் கருவி முதல்ல பிரிக்கும், பிரிஞ்ச ஒவ்வொண்ணுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் சேனல். கதவுக்கு ரெண்டு, டுவீட்டருக்கு ரெண்டு, சப்வூஃபருக்கு ஒண்ணு. அருவிக் கணக்கும் சரியா வந்துட்டு பாத்தியா.

இப்ப டுவீட்டரை எரிக்க வழி சொல்லுதேன். டி.எஸ்.பி.யில ஒரு நம்பரும் போடாத. எல்லாச் சேனலையும் 'ஃபுல் ரேஞ்ச்'ல விட்டு, பாட்டைப் போட்டு, சத்தத்தை ஏத்து. முன்ன டப்பாவுக்குள்ள இருந்த கெப்பாசிட்டர் அடிச்சத்தத்தை மறிச்சு நிறுத்தும்; இப்ப மறிக்க நாதியில்ல. கடைக்காரரும் பிள்ளைக்கு ஃபீஸு கட்டணும்லா! கஞ்சப்பயதான் டுவீட்டர் வயர்ல காவலுக்கு ஒரு கெப்பாசிட்டர் மாட்டி, நம்பரெல்லாம் போட்டு முடிச்ச பொறவு டுவீட்டரை இணைப்பான்.

நம்பரா? சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ, கதவுக்கு 80-லேருந்து 3000, டுவீட்டருக்கு அதுக்கு மேலன்னு ஆரம்பி. டுவீட்டர் அட்டையில அதுக்கு மேல போட்டிருந்தா அட்டை சொல்லுததைக் கேளு. சரிவு, ஆக்டேவுக்கு 24 டெசிபல். லிங்க்விட்ஸ்–ரைலின்னு ஒரு வகை இருக்கும், 1976-ல வந்த கணக்கு. வெட்டுற எடத்துல ரெண்டு ஸ்பீக்கரும் ஆறாறு டெசிபல் எறங்கி நிக்கும். சேந்து கேட்டா பள்ளமும் இருக்காது, மேடும் இருக்காது. ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் மாறிருந்தா அந்த எடத்துல சத்தம் குழி விழுந்திரும். நீ ஈக்வலைசரைத் தூக்கித் தூக்கி அதுல மண்ணு போட்டுக்கிட்டே இரு, நெறயவே நெறயாது.

கெயின் திருகாணியக் கடைசி வரைக்கும் முறுக்கிட்டியாமே. அது வால்யூமுன்னு எவன் சொன்னான்? பிளேயர் அனுப்புத வோல்ட்டுக்கு ஆம்ப்ளிஃபயரை இசைச்சு வைக்கத்தான் அது. முட்டுன மட்டும் முறுக்கினா சத்தம் நொறுங்கும், நீ 'பேஸு'ன்னு தலைய ஆட்டுவ.

பொறவு அளக்குத டேப்பு ஒண்ணு எடு. நீ வலப்பக்கம் உக்காருத; வலக்கதவு காதுக்குக் கிட்ட, இடக்கதவு தூரம். மில்லிசெகண்டுக்குச் சத்தம் 34 சென்டிமீட்டர் போவும். கிட்ட இருக்கவனைக் கொஞ்சம் நிறுத்தி வையி, தூரத்துக்காரனும் வந்து சேரட்டும்.

சோதிக்க வில்லுப்பாட்டு போடு. இங்க மூக்கச் சுளிக்காத. நாங்க கோயில் கொடைக்கு வேப்பமரத்துல குழாய் ஸ்பீக்கரு கட்டுன காலத்துல, குழாய்க்கு அடிச்சத்தமே வராது. குடத்தடி 'டக்கு'ன்னு மட்டும் கேக்கும். உனக்குத்தான் இப்ப பெட்டியே இருக்கே. குடம் அடியில கேக்கணும், ஆனா டிக்கியிலேருந்து வருதுன்னு தெரியக்கூடாது. வில்லுமணியும் ஜால்ராவும் மேல. புலவர் குரல் உனக்கு நேர் முன்னால நிக்கணும். முட்டிக்குக் கீழேருந்து பாடினா, அவர் உன் செருப்புக்குள்ள உக்காந்திருக்காருன்னு அர்த்தம். நேரத்தையும் டுவீட்டர் அளவையும் திரும்பப் பாரு.

இதையெல்லாம் பேரருவிப் பக்கத்துல நிறுத்திப் பாக்காத. அந்த இரைச்சல்ல எந்தக் குறையும் தெரியாது. அது சரி, உன் செட்டைக் காட்டுததுக்கு அதைவிட நல்ல எடமும் கெடையாது! ராத்திரி பத்துலேருந்து காலம்பற ஆறு வரைக்கும் சத்தத்துக்குச் சட்டமும் உண்டு, ஞாபகம் வச்சுக்கோ.

பேட்டரிப் பக்கத்துலயே ஃபியூஸு போட்டிருக்கியான்னு பாரு. பவர் வயர் ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. வயர் மறுபக்கமும் போவட்டும். இல்லன்னா ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் கொசு பாடும். இந்தா, நம்பர் பிளேட்டு தனியா தாளம் போடுது பாரு. அதுக்கும் ஒரு சேனல் வாங்கணும்னு கடைக்காரர் சொல்லுமுன்ன, ரப்பர் வாசர் வச்சு முறுக்கு.