குப்பையில்லா விழாக்காரர்

அம்மன் கொடையும் மாதா திருவிழாவும் கல்யாண விருந்தும் மாறி மாறி வரும் தூத்துக்குடிக் கரையில், குறிப்பாக நகரை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் மாப்பிள்ளையூரணி போன்ற ஊர்களில், அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள ஒரு மனித வகையைக் ‘குப்பையில்லா விழாக்காரர்’ எனலாம். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற அலுவலரான இவரை, வரி பிரிக்கவோ பந்தல் பேசவோ விழாக் கமிட்டி அழைப்பதில்லை. ஆனால் உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டுவோர் மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்னும் திடக்கழிவு மேலாண்மை விதியை மூச்சு விடாமல் ஒப்பிப்பவர் இவர் ஒருவரே என்பதால், இவரை வெளியே விடவும் அதற்குத் துணிவில்லை.

கேட்க நாதியில்லாத பொருள்களின்மீது இவருடைய வீரம் அளவிறந்தது. பாயசத்துக்கென வந்த பேப்பர் கப்பை நகத்தால் கீறி, உட்புறத்து மெல்லிய படலத்தை உரித்துத் தூக்கிக் காட்டி, இது வெறும் தாளன்று, பிளாஸ்டிக் பூசிய தாள், 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது என்று தீர்ப்பளிப்பார். பிளாஸ்டிக் கொடித் தோரணமும் அதே வழியில் போகும். சோதனை, உபயம் என்னும் இடத்தில் வருகிறது. விழாச் செலவில் ஒரு பகுதியை ஒருவர் ஏற்றுக்கொண்டு நோட்டீசில் பெயர் பெறுவது உபயம்; அவ்வாறு இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில் தர முன்வந்தவர், “அண்ணாச்சி, பாட்டில் வேண்டாம்னா நம்ம உபயமே வேண்டாம்னு சொல்லுதீயளோ?” என்று கேட்ட மாத்திரத்தில், தடைப் பட்டியலில் தண்ணீர் பாக்கெட் உண்டு, பாட்டில் இல்லை என்னும் நுட்பம் இவருக்கு நினைவு வந்துவிடுகிறது. எவர்சில்வர் டம்ளர் என்றால் கழுவத் தண்ணீரும் ஆளும் வேண்டுமே என்று கமிட்டி சொல்வதும் முழுப் பொய்யன்று.

ஆகவே விழா நாளில், மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டியும் மக்காததற்கு நீலத் தொட்டியும் வைத்து, இடையில் நின்று இவர் கை காட்டுகிறார்; உண்டவர்களோ பாதி குடித்த பாட்டிலை இலைக்குள் வைத்து மடித்து, ஐயமின்றிப் பச்சையில் போடுகிறார்கள். மறுநாள் காலையில் ஊராட்சியின் தூய்மைக் காவலரான பெண்மணி ஒவ்வோர் இலையையும் விரித்து, மிஞ்சிய சாம்பாரை வழித்து, பாட்டிலின் தண்ணீரைக் கொட்டி, நசுக்கி மூட்டை கட்டுகிறார்.

கழிவு உண்டாகாமலே தடுப்பது குறைப்பு என்றும், உண்டானதை மீண்டும் மூலப்பொருளாக்குவது மறுசுழற்சி என்றும் வேறுபாடு அறிந்தவராகையால், இவர் தம் அறிக்கையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறார். முதலாவதில் பாயசக் கப்பும் தோரணமும் இடம்பெறுகின்றன. இரண்டாவதை நிரப்ப அந்தப் பெண்மணியிடமே மூட்டைக் கணக்குக் கேட்டு எழுதிக்கொள்கிறார்; போன ஆண்டைவிட மூட்டை கூடியிருந்தால், மறுசுழற்சி வளர்ந்துவிட்டதென்று முகம் மலர்கிறார். அடுத்த ஆண்டு நோட்டீசில் பாட்டில் உபயதாரருக்கு நேர் கீழே, அதே எழுத்தளவில், இவர் பெயரும் அச்சாகிறது.