பாழ்வீட்டின் விலையும் தெருவின் எதிர்வினையும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பாழ்வீடு என்பது, இவ்வாய்வின் எல்லைக்குள், கூரையின் ஒரு பகுதியையேனும் வானத்துக்கு விட்டுக்கொடுத்த, குடியிருப்போர் எவருமில்லாத, ஆனால் உரிமை கொண்டாடுவோர் ஒருவருக்கு மேற்பட்டு உள்ள கட்டடத்தைக் குறிக்கும். இவற்றுள் மூன்றாம் நிபந்தனை இன்றியமையாதது. உரிமையாளர் ஒருவரே என்றால் அது வெறும் பழைய வீடு, அவர் அதை இடிப்பார் அல்லது ஓடு மாற்றுவார், பாழாக விடமாட்டார். இத்தகைய வீட்டுக்கு, அதை நாள்தோறும் கடந்துபோகிறவர்கூட எதிர்பாராத ஒரு தொகை விலையாகச் சொல்லப்படும்போது, அத்தெருவிலும் தெருமுனை டீக்கடையிலும் எழும் பேச்சு, முகக்குறி, மனக்கணக்கு ஆகியவற்றின் தொகுதியே இங்கு எதிர்வினை எனப்படுகிறது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவாகிய கொம்யூன், புதுச்சேரி மாவட்டத்தில் ஐந்து உண்டு. அவற்றுள் வில்லியனூரும் பாகூரும் தேர்ந்துகொள்ளப்பட்டமைக்குக் காரணம், பாழ்வீடு, உயர்விலை, உட்கார்ந்து கருத்துரைக்கப் பொழுதுள்ள பெரியோர் ஆகிய மூன்றும் இவ்விரு இடங்களிலும் ஒருசேரக் கிடைப்பதேயாகும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீடுகளின் நிலையை நல்லது, வாழத்தக்கது, சிதிலமடைந்தது என மூன்றாகப் பகுத்ததோடு, நாடெங்கும் சுமார் 2.47 கோடிக் கட்டடங்கள் ஆளின்றிக் கிடப்பதாகவும் பதிவு செய்தது. சிதிலமடைந்தும் ஒன்றேகால் கோடி ரூபாய் விலை சொல்லப்படும் வீட்டுக்கு இப்பகுப்பில் தனி இடமில்லை. அடுத்த கணக்கெடுப்பிலேனும் இக்குறை நீக்கப்பட வேண்டும்.

ஒரு வீடு பாழாவது தற்செயலன்று, பலர் கூடிச் செய்யும் பணி. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பி, நாட்டு ஓடு வேய்ந்து, முன்னே திண்ணையும் நடுவே முற்றமும் விட்டுக் கட்டிய வீட்டில் முதலில் குடிபுகுவது ஏதோ ஒரு பறவை கொண்டுவந்து போட்ட அரசமர விதை. அது கன்றாக இருக்கும்வரை பிடுங்க நேரமிருப்பதில்லை. மரமான பின் அரசமரத்தை வெட்டக் கை வருவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது பறந்த ஓடுகளும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது சரிந்த சுவர்களும் இப்பணியில் பங்கு பெற்றவையே. எனினும் வாரிசுகளைக் கேட்டால் எல்லாப் பழியையும் புயல்மீதே போடுவர். தானே வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே கதவு களவுபோன செய்தியைச் சொல்லமாட்டார்கள்.

உண்மையில் முதன்மைக் காரணி பங்காளியே. பாகம் பிரிக்கப்படாத வீட்டில் ஓடு மாற்றுகிறவர், மற்ற பங்குகளுக்கும் சேர்த்துச் செலவு செய்தவராகிறார். அதை எந்தப் பங்காளியும் தெரிந்து செய்வதில்லை. பிற மாவட்டங்களுக்கும் பொதுவான இவ்விதியோடு புதுச்சேரிக்கே உரிய ஒன்றும் சேர்கிறது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி தம் சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தோரும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்று ஊரில் சொல்தா என்று அழைக்கப்பட்டவர்களின் மக்களும், 1962 ஆகஸ்ட் 16இல் ஆட்சி ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டோரும் என, ஒரு வீட்டுக்குக் கையொப்பமிட வேண்டியவர்களுள் ஒருவரேனும் பாரிஸ் புறநகரில் இருப்பது இங்கு அரிதன்று. அவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். அந்த ஆண்டு பார்த்துத் திருபுவனையிலிருக்கும் பங்காளிக்குக் கோபமாயிருக்கும். வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170க்கு 8 என்ற கணக்கில், பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு இணைவதை ஒரே நாளில் முடிவு செய்தனர் என்பதும், அதே கொம்யூனில் ஐந்து குழி மனையைப் பிரிக்க மூன்று தலைமுறை போதவில்லை என்பதும் அரசியல் அறிவியலார் ஒப்புநோக்கத்தக்கவை.

இனி விலை. தரகர் வழக்கில் விலை இருவகைப்படும். விற்பவர் வாய்விட்டுச் சொல்வது சொல்விலை. இரு தரப்பும் கைகலவாமல் எழுந்துபோகும் இடம் முடிந்த விலை. சொல்விலை உரைக்கப்படும் முறையில் ஒரு நாகரிகம் உண்டு. "ஒன்னே கால் சொல்றாங்க, நேர்ல ஒக்காந்து பேசிக்கலாம்" என்பதில் கோடி என்ற அலகு சொல்லப்படுவதேயில்லை. லட்சத்தில் விலை போகும் மனைக்கு லட்சம் என்று சொல்லும் அதே தரகர், கோடிக்கு வந்ததும் அலகை விழுங்கிவிடுவது, கேட்பவரின் இதயத்தைக் கருதி எனலாம். மேலும் அவர் தவறாமல் சேர்க்கும் வாக்கியம், "வீட்டுக்கு வெலையே போடல, மனைக்குத்தான்" என்பது. ஆகவே ஒன்றேகால் கோடி என்பது வீட்டின் விலையன்று, வீட்டைப் பொருட்படுத்தாமைக்கான விலை. இடித்து அகற்றும் கூலியைக் கழித்துப் பார்த்தால் வீடு இருப்பதே வாங்குபவருக்கு நட்டம். அவ்வீட்டுச் சுவரிலேயே ஒருபுறம் கைப்பேசி எண்ணும் மறுபுறம் "இந்த இடம் விற்பனைக்கு அல்ல, வழக்கு நிலுவையில் உள்ளது" என்ற அறிவிப்பும் இருக்கக்கூடும். முன்னது ஒரு பங்காளி எழுதியது, பின்னது மற்றொரு பங்காளி எழுதியது.

கணக்கை விளக்க, இப்பகுதியின் நில அலகு தெரிந்திருக்க வேண்டும். 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி, ஒரு குழி. 100 குழி ஒரு காணி. பத்திரத்திலும் பதிவேட்டிலும் பிரெஞ்சுக்காரர் வழியாக வந்த எக்டேரும் ஆரும் இருந்தாலும், வாய்ப்பேச்சில் "குழி என்னா போவுது?" என்பதே கேள்வி. எடுத்துக்காட்டாக ஐந்து குழி மனையைக் கொண்டால், அது 2,880 சதுர அடி. ஒன்றேகால் கோடி என்றால் குழி 25 லட்சம், சதுர அடி ஏறத்தாழ 4,340 ரூபாய். இவ்வகுத்தலை டீக்கடையில் எவரும் தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. காணிக்கு எத்தனை மூட்டை விளையும் என்பதை வாய்க்கணக்காகவே சொல்லிப் பழகியவர்களுக்கு, புதுச்சேரியின் நெற்களஞ்சியமெனப்படும் பாகூரில் இது பெரிதன்று.

எதிர்வினையின் தொடக்கம் "இன்னாது?" என்ற ஒற்றைச் சொல். செவி நன்கு கேட்கிறவர்களே இதை மிகுதியும் கேட்கின்றனர் என்பதால், இதன் நோக்கம் தகவல் பெறுவதன்று. சொன்ன தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னவருக்கு அளிக்கப்படும் அவகாசமே அது. அவர் பெற்றுக்கொள்ளாமல் மீண்டும் அதையே சொல்லும்போது, அந்தக் காசுக்கு என்று தொடங்கும் வாக்கியங்கள் பிறக்கின்றன. அந்தக் காசுக்குப் பாகூர் ஏரிப் பாசனத்தில் நஞ்சை வாங்கலாம். அந்தக் காசுக்கு லாஸ்பேட்டையில் மாடியோடு வீடே கிடைக்கும். அந்தக் காசுக்கு ஊரில் பாதிப் பெண்களுக்குக் கழுத்து நிறையப் போடலாம். இவ்வாக்கியங்களை உரைப்போரிடம் அந்தக் காசு இல்லை, இருந்தாலும் நஞ்சை வாங்கமாட்டார்கள் என்பது கருதத்தக்கது.

அடுத்து வரலாறு வருகிறது. இன்றைய விற்பவரின் தாத்தா அவ்வீட்டை என்ன விலைக்கு வாங்கினார் என்பதை நேரில் கண்டவர்போல் உரைக்கும் முதியவர் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் உளர். அத்தொகை ஒவ்வொரு முறை சொல்லப்படும்போதும் குறைகிறது. காலையில் எண்ணூறு ரூபாயாக இருந்தது மாலையில் நாலு மூட்டை நெல்லாகிவிடும். இதன் தருக்கம், ஒரு பொருளின் நேர்மையான விலை அதன் மிகப் பழைய விலையே என்பது. பொருளியலில் இதற்கு ஆதரவில்லை, ஆயினும் கேட்பவர் எவரும் மறுப்பதில்லை. பாகூர்ச் செப்பேடுகளில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்று ஊர்களை அங்கிருந்த கல்விச்சாலைக்கு வழங்கிய செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அக்காலக் கொடைகளில் பெண்யானையை நடக்கவிட்டு எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நட்டு உறுதி செய்தனர். கொடையாதலால் விலை குறிக்கப்படவில்லை, அதனாலேயே எதிர்வினையும் கிடைக்கவில்லை. ஓர் ஊருக்கு இவ்வளவு என்று பொறித்திருந்தால், கள்ளி நட்டவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கும் எங்கேனும் ஒரு வரி கிடைத்திருக்கலாம்.

பாம்பு, பேய், வாஸ்து ஆகிய மூன்றும் தனித்தனி அத்தியாயங்களுக்குரியவை. இங்கே இவ்வளவு போதும்: பாம்பு விலையைக் குறைக்கும், பேய் அதைவிடக் குறைக்கும், பிரெஞ்சுக்காரன் காலத்துப் புதையல் என்ற வதந்தி இரண்டையும் ஈடுகட்டிவிடும். புதையலைப் பற்றிக் கேட்டால் தரகர் மறுக்கமாட்டார், சிரிப்பார். அச்சிரிப்புக்குப் பத்திரத்தில் இடமில்லாததால் அவர்மீது வழக்கும் இல்லை.

இக்கட்டத்தில் டீக்கடை அவையின் கவனம் வீட்டிலிருந்து வாங்கப்போகிறவர்மீது திரும்புகிறது. அவர் எப்போதும் வெளியூர்க்காரர். சில காலம் அவர் பாரிஸ்காரராக இருந்தார். பிறகு சென்னையிலிருந்து வாரக்கடைசியில் வரும் கணினிக்காரர் ஆனார். இப்போது, புதுச்சேரி நகரின் கடற்கரையோரத் தெருக்களில் பழைய வீடுகள் மெருகேறி விடுதிகளானதைக் கண்டபின், காபிக்கடை வைக்கப்போகும் யாரோ ஒருவர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீடுகளின் தூணும் கதவும் கடைபரப்பி விற்கப்படுவதை அறிந்த ஒருவர், இவ்வீட்டை நிற்க வைத்து விற்பதைவிடக் கழற்றி விற்பது மேல் என்பார். அதற்குக் கழற்றத்தக்கது ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டும்.

இதுவரை விவரித்தவை கேலியின் உட்பிரிவுகள். ஆனால் கேலி ஓய்ந்து அவை கலையும் வேளையில், மிகுதியாகச் சிரித்தவர்களே சற்று மௌனமாகிறார்கள். அம்மௌனத்தில் நடப்பது ஒரு பெருக்கல். பாழ்வீடே குழி 25 லட்சம் என்றால், அதே தெருவில் ஓடு ஒழுகாத, போர்த் தண்ணீர் உள்ள, பங்காளி வழக்கற்ற, கிழக்குப் பார்த்த தம் வீடு என்ன பெறும் என்ற கணக்கு அது. இவ்வாய்வின் துணிபு இதுதான்: உயர்விலையைப் பரப்புகிறவர் தரகர் அல்லர், அதைப் பார்த்துச் சிரிக்கிறவரே. தரகர் ஒரு தெருவில் நாலு பேரிடம் சொல்வார்; சிரித்தவர் அதைச் சம்பந்தி வீடுவரை கொண்டுபோய்ச் சொல்லிச் சிரிப்பார்; அங்கும் சிரித்து முடித்தபின் பெருக்கிப் பார்ப்பார்கள். ஒரு மாதத்தில் அத்தெருவில் எந்த வீட்டைக் கேட்டாலும் பேச்சு அத்தொகையிலிருந்தே தொடங்கும், "அந்தக் குட்டிச்சுவரே ஒன்னே கால்" என்ற முன்னுரையோடு.

இதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வீட்டை மாணவர்களுக்கும் அனுபவமிக்க வீட்டுத் தரகர்களுக்கும் காட்டி, விவரத்தாளில் கேட்புவிலையை மட்டும் ஆளுக்கு ஒருவிதமாக மாற்றிக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். 1987இல் வெளியான அவ்வாய்வின்படி, பெரிய தொகையைக் கண்டவர்கள் பெரிதாகவும் சிறிய தொகையைக் கண்டவர்கள் சிறிதாகவும் மதிப்பிட்டனர்; தரகர்களும் இதற்கு விலக்கல்லர், ஆனால் கேட்புவிலையைத் தாம் பொருட்படுத்தியதாக அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வில்லியனூர் மாடவீதியில் இம்முடிவைச் சொன்னால் வியப்பவர் எவருமிரார். இதைக் கண்டுபிடிக்கவா அவ்வளவு தொலைவு போனார்கள் என்றுதான் கேட்பர்.

விலையைக் குறைத்துச் சொன்னால் இத்தனை பேச்சும் எழாதே என்று விற்பவருக்கு அறிவுரை கூறுவோர், மறுதலையை எண்ணிப் பார்க்கவில்லை. சிசிலித் தீவின் ஊர்களில் பாழ்வீடுகள் ஒரு யூரோவுக்கு அளிக்கப்பட்டன. ஜப்பானில் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளற்றுக் கிடக்க, பல ஊராட்சிகள் அவற்றுக்கு ஆள் தேடுகின்றன. அவ்விலைகள் பாகூரில் சொல்லப்பட்டால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். "ஏதோ வில்லங்கம் இருக்கு" என்று எழுந்துபோவார்கள். வில்லங்கம் என்பது சொத்தின்மீது முன்பே உள்ள கடன், உரிமை, வழக்கு முதலிய பிணைகள். அவற்றுக்கான சான்றைச் சார்பதிவகத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம், எனினும் விலை குறைவாயிருப்பதையே முதல் சான்றாகக் கொள்வது மரபு. சான் பிரான்சிஸ்கோவின் நோ வேலிப் பகுதியில், நூறாண்டு கடந்த சிதைந்த வீடொன்று 2022 தொடக்கத்தில் 19.7 லட்சம் டாலருக்கு விற்றபோது உலகமே எள்ளி நகைத்தது. ஆனால் வாங்க ஆள் வந்தார். எனவே ஏளனம் தாங்கக்கூடியது, ஐயமே தாங்கமுடியாதது என்று பாழ்வீட்டுக்காரர் கருதுவதில் குற்றம் காண இயலாது.

எஞ்சியது ஒரே இடர்ப்பாடு. வீடு ஒருநாள் விற்றேவிடுகிறது. பாரிஸிலிருந்தும் திருபுவனையிலிருந்தும் கையொப்பங்கள் வந்துசேர்கின்றன. பொக்லைன் வந்து அரைநாளில் தெருவைப் புழுதியாக்கிவிட்டுப் போகிறது. முடிந்த விலை என்ன என்று விற்றவரைக் கேட்டால் கையைவிட்டுப் போனது என்பார், வாங்கியவரைக் கேட்டால் கொஞ்சம் கூடத்தான் என்பார், பத்திரத்தைப் பார்த்தால் அரசின் வழிகாட்டி மதிப்பை, இங்கு ஜி.எல்.ஆர். எனப்படுவதை, ஒட்டிய தொகை இருக்கும். டீக்கடையில் இம்மூன்றையும் நம்புவாரில்லை. ஆகவே தெருவுக்குத் தெரிந்த தொகை அந்த ஒன்றேகால் மட்டுமே, அடுத்த வீட்டுக்காரர் அதிலிருந்து பத்து லட்சம் கூட்டித் தொடங்குகிறார்.