புலிப்படச் சட்டை போட்ட தம்பிக்கு

வா நைனா, திண்ணையில குந்து. இன்னாது, சட்டையில புலி? ஓ, மே 22, பல்லுயிர் தினமா! மரத்தைக் காப்போம்னு எழுதின பேனரை வேப்பமரத்துலயே ஆணி அடிச்சு மாட்டிக்கீற. மரத்துக்குப் படிக்கத் தெரியாது, நீ தப்பிச்ச.

ஆரணியில புலி ஏது கண்ணு? கமண்டல நாகநதிப் பக்கம் தவளை, தும்பி, ஓணான்னு தேடு. ஆனா ஓணானைச் சட்டையில போட்டா எடுப்பா இருக்காது, இல்ல?

வந்தவாசி ரோட்டைப் புடிச்சு மதுராந்தகம் பக்கம் போனா வேடந்தாங்கல். நீயும் போயி செல்பி எடுத்துகினு வந்திருப்ப. அந்த ஏரி எப்பிடித் தப்பிச்சதுன்னு யாரையாவது கேட்டியா? வெள்ளக்காரச் சிப்பாய்ங்க வந்து பறவைங்களைச் சுட்டானுங்க. ஊர்க்காரங்க கோஷமா போட்டாங்க? செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட போயி, யாரும் சுடக் கூடாதுன்னு எழுத்துல கவுல், அதான் உறுதிச் சீட்டு, வாங்கினாங்க. 1798-ல. சர்க்காரு சரணாலயம்னு ஏத்துக்கினது 1936-ல. நடுவுல 138 வருசம் யாரு காவல்?

பறவை மேல அம்மாம் பாசமான்னு கேக்கற. பாசமும் இருந்திருக்கும். கணக்கும் இருந்துச்சு. நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் ஏரிக்குள்ள நிக்கிற மரத்துல கூடு கட்டும். எச்சம் தண்ணியில விழும். அந்தத் தண்ணி கழனிக்குப் பாயும். காசில்லாத எரு! நம்ம தறிக்காரனைப் பாரு, தெருப் புங்கமரத்துல கை வெக்க வுடமாட்டான். பாவு நீட்டறப்ப நெழல் வேணுமே.

சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில தீபாவளிக்குக்கூட வெடி கெடையாது. வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைங்க மெரளுமாம். நீ பல்லுயிர் விழாவுக்கே சரவெடி கொளுத்தினியாமே?

2002-லயே பல்லுயிர்ச் சட்டம் வந்தாச்சு. ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு குழு. ஊர்ல இன்னா செடி, இன்னா பூச்சி, எது மருந்துன்னு ஜனங்களைக் கேட்டு எழுதற பல்லுயிர்ப் பதிவேடு. நல்ல சட்டம்தான். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிய 2022-ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சதும் அதே சட்டத்துலதான். அப்பால டங்ஸ்டன் சுரங்கம்னு ஏலம் வுட்டாங்க. ஜனங்க ரோட்டுக்கு வந்தப்புறம்தான், 2025 ஜனவரியில, ஏலம் ரத்தாச்சு. பட்டம் குடுத்த தலத்துக்கே இந்தக் கதி, பாத்துக்கோ.

நீ அந்தப் பதிவேட்டை ஃபேனுக்கு அடியில குந்திகினு நிரப்பாத. கம்ப்யூட்டர் காட்டற செடியெல்லாம் நம்ம ஊர்ல ஒரே ராத்திரியில மொளைச்சிடும்! மார்க்கெட்டாண்ட கீரைக்காரக் கெழவிகிட்ட போ. முடக்கத்தான் எந்த வேலியில, பண்ணைக்கீரை எந்த வரப்புல, எது காணாமப்போச்சு, எல்லாம் அதுக்குத் தெரியும். காலையிலயே போ, வெயில் ஏறினா வித்துட்டுக் கெளம்பிடும். சும்மா கேக்காத, ரெண்டு கட்டு கீரை வாங்கிகினு கேளு.