தறியை மிஞ்சும் வண்டி

வெண்ணந்தூரில் பகலெல்லாம் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தையும் மீறித் தன் புல்லட் வருவது தெருவுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு தம்பி ஆசைப்பட்டால், சைலென்சரை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லைதான்.

மாட்டிய மறுநாளே பட்டறையில் நிற்பார். "அண்ணா, ஆக்ஸிலேட்டரை விட்டா பின்னாடி பட்டாசு வெடிக்குதுங்ண்ணா." குறையாகச் சொல்கிறாரா பெருமையாகவா என்று கண்டுபிடிக்க முடியாது.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டுவார். முனை வெள்ளை வெளேரென்று இருக்கும்: காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பத்தவில்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று போதும். கார்ப்பரேட்டர் வண்டி என்றால் மெயின் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஏர் ஸ்க்ரூவையும் சரிசெய்தால் பிளக் இளம் காப்பி நிறத்துக்கு வரும். மைலேஜ் எங்கே போனது என்று அப்பா கேட்பார். அது வேறு துறை.

2020 ஏப்ரலில் கட்டாயமான பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டியில் திருக ஒன்றுமில்லை. ஆக்ஸிஜன் சென்சார் சொல்ல, வண்டியின் கணினியான ஈ.சி.யு. ஓரளவு சமாளிக்கும். முழுசாக முறுக்கினால் கம்பெனி எழுதிய கணக்கைத்தான் பிடித்துக்கொள்ளும். அதை ஏமாற்றத் தனியாக ஒரு பெட்டி விற்கிறார்கள்.

இப்படிச் சத்தம் போடும் சைலென்சருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். பழைய சைலென்சரை எடைக்குப் போட்டுவிடாதே என்று மெக்கானிக் சொல்வது இதை வைத்துத்தான்.